எந்த ஊருக்குப் போவது?

வணக்கம் சார்,

நான் திருச்சியில் பி.ஆர்க் (கட்டடக்கலை) மூன்றாமாண்டு படிக்கிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். வெளிநாட்டுப் படிப்பு பற்றிக் கேட்க அப்பாவும் நானும் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு லண்டனில் மூன்று வருட இளநிலையில் சேரலாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். அப்பா கல்விக்கடன் வாங்கத் தயார். எனக்குத்தான் தயக்கம். ஒரு செமஸ்டர் போய்வந்தால் போதுமா, முதுநிலைக்குப் போவதா, எந்த நாடு? தம்பி கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறான், அவனுக்கும் இதே ஆசை. இணையத்தில் தேடினால் ரேங்கிங் பட்டியல்தான் வருகிறது. கட்டடக்கலை படிக்கிறவள் வெளிநாட்டுக்குப் போய் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறாள் என்று யாரும் சொல்வதில்லை.

எஸ்., ஸ்ரீரங்கம்

அன்புள்ள எஸ்.,

கன்சல்டன்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். படிப்பை நிறுத்தாதீர்கள். பிரிட்டனில் மூன்று வருட இளநிலை என்பது அவர்கள் வைத்திருக்கும் மூன்று படிகளில் முதல் படி, ‘பார்ட் 1’. அதற்குப் பிறகு முதுநிலை (‘பார்ட் 2’), அலுவலக அனுபவம், கடைசியாக ‘பார்ட் 3’ தேர்வு எல்லாம் முடித்தால்தான் அங்கே ஆர்க்கிடெக்ட். இங்கேயோ, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். வெறும் மூன்று வருடப் பட்டம் அதற்குப் போதாது. கையில் இருக்கும் இரண்டரை வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடன் வாங்கி, அரைவழியில் போய் நிற்கச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று அப்பா கேட்டிருக்கலாம்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கேள்விக்கு முந்நூறு வருடம் அரசுச் செலவில் பதில் தேடினார்கள். 1663இல் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் தொடங்கிய ரோம் பரிசு 1720இல் கட்டடக்கலைக்கும் வந்தது. போட்டியில் முதலில் வருபவரை ரோமுக்கு அனுப்பிவிடுவார்கள். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசுடையது. 1803 முதல் மெதிச்சி மாளிகையில் ஜாகை. (1903 வரை பெண்களுக்கு அந்தப் போட்டியில் இடமில்லை.) கட்டடக்கலை மாணவருக்கு முக்கிய நிபந்தனை: பழைய கட்டடங்களை அளந்து வரைந்து, வருடாவருடம் பரிசை நடத்தும் பாரிஸ் கலை அகாதெமிக்கு அனுப்ப வேண்டும்.

1824இல் பரிசு பெற்றுப் போனவர் ஆன்றி லாப்ரூஸ்த். நான்காம் வருட வேலையாகத் தெற்கு இத்தாலியில் பேஸ்டம் என்ற இடத்தில் உள்ள மூன்று கிரேக்கக் கோயில்களை அளந்து வரைந்தார். கிரேக்கக் கோயில் என்றால் மாசில்லாத ஒரு லட்சிய வடிவம், எங்கும் அதே விதி என்பது அகாதெமியின் பாடம். லாப்ரூஸ்த் அனுப்பிய படங்களில் சுவர்களில் வண்ணம் இருந்தது. தூண்களில் கேடயங்கள் தொங்கின. மூன்றில் ஒன்று கோயிலே இல்லை, ஊர் மக்கள் கூடிப் பேசிய மண்டபம் என்றார். கிரேக்கர்கள் புதிய மண்ணுக்குக் குடிபெயர்ந்தபின் அந்த மண்ணுக்கேற்பக் கட்டடமும் மாறியது என்பது அவர் வாதம். அகாதெமியின் செயலாளர் காத்ருமேர் த கான்சி கொதித்துப்போனார். மெதிச்சி மாளிகையின் இயக்குநராக இருந்த ஓவியர் ஓராஸ் வெர்னே மாணவர் பக்கம் நின்றார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. லாப்ரூஸ்த் சொன்ன கால வரிசை தவறு. அவர் பிற்காலத்தது என்ற ‘மண்டபம்’தான் மூன்றிலும் பழையது, அது கோயிலும்தான் என்பது இன்றைய தொல்லியல் முடிவு. ஆனாலும் கட்டடத்தை அங்கே வாழ்ந்தவர்களோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அந்த வேலையில்தான் வந்தது என்று நினைக்கிறேன். பின்னாளில் பாரிஸில் சேன்ட் ஜெனிவியேவ் நூலகத்தைக் கட்டினார். வெளிச்சுவர் முழுக்க நூலாசிரியர்களின் பெயர்கள். உள்ளே மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்கள் ஒளிவு மறைவில்லாமல் நிற்கின்றன. மாணவர்கள் இன்றும் அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஆகவே ரேங்கிங் பட்டியலை மூடிவையுங்கள். முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் கல்லூரி. எந்தக் கட்டடத்தைக் காலையிலும் மாலையிலும், மழையிலும் வெயிலிலும் மறுபடி மறுபடி போய்ப் பார்த்து வரைய ஆசைப்படுகிறீர்களோ அது இருக்கும் ஊர். அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகம் 1969 முதல் தன் கட்டடக்கலை மாணவர்களை ஒரு வருடம் ரோமில் வைத்துப் பாடம் நடத்துகிறது. ரோட் ஐலண்ட் டிசைன் பள்ளி 1960இலும் கார்னெல் 1986இலும் அங்கே கிளை போட்டன. இவை பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரி மாணவர்களுக்கானவை, உங்களுக்குக் கதவு திறப்பது கஷ்டம். அவர்களுடைய பழக்கம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜாம்பத்திஸ்தா நொல்லி என்ற நில அளவைக்காரர் 1748இல் வெளியிட்ட ரோம் வரைபடம் அது. 12 செப்புத் தகடுகளில் செதுக்கியது. வீடுகளைக் கருமையாக நிரப்பித் தெருக்களை வெள்ளையாக விட்டார். தேவாலயங்களின் உட்பகுதியையும் அதே வெள்ளையில் விட்டார். ஆக, தெருவிலிருந்து பான்தியான் (பழைய ரோமானியக் கோயில், பின்னாளில் தேவாலயம்) உள்ளே போய் வெளியே வந்தால் வரைபடத்தில் கோடு எங்கும் உங்களை மறிக்காது. ஊர்ப்பொதுவான இடம் எங்கெங்கே நுழைகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ரோமுக்குப் போகும் மாணவர்கள் இன்றும் இதை வைத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

நீங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர். ஏழு சுற்றில் வெளிச்சுற்றுகளில் வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. அடையவளஞ்சான் வீதியிலிருந்து ரங்கா ரங்கா கோபுரம் வரை நொல்லி முறையில் வரைந்து பாருங்கள். எங்கே தெரு முடிந்து கோயில் ஆரம்பிக்கிறது? நடை சாத்திய பிறகு வெள்ளை எவ்வளவு கருப்பாகும்? கோயில் நுழைவுச் சட்டம் வந்த 1939க்கு முன்னால் வரைந்தால் யாருக்கு எதுவரை வெள்ளை? நொல்லிக்கு வராத கேள்வி இது, உங்களுக்கு வரும். போர்ட்ஃபோலியோவைப் புரட்டும் பேராசிரியர் அன்றைக்குப் பார்க்கும் ரெண்டரிங்குகள் (கம்ப்யூட்டரில் செய்த கட்டடப் படங்கள்) எல்லாம் ஒரே மாதிரி மினுமினுக்கும். இந்த ஷீட்டில் கொஞ்சம் நிற்பார்.

இனி வழிகள். ஒரு செமஸ்டர் போவதென்றால் உங்கள் கல்லூரிக்கு அந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். இருந்தால், ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்புண்டு. டீன் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகி அலமாரியில் தூங்கும் கல்லூரிகள் உண்டு. இல்லையென்றால் பி.ஆர்க் முடித்து முதுநிலைக்குப் போவதுதான் என் யோசனை. மிலான் பாலிடெக்னிக்கில் முதுநிலைக் கட்டடக்கலையை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் குறையும், வட்டார அரசு உதவித்தொகையும் உண்டு. நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இலவசம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பல மாநிலங்களில் உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வைத்துவிட்டது. ஜெர்மனியில் எங்கே சேர்ந்தாலும், விசாவுக்காக, வாழ்க்கைச் செலவுக்கென்று முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) பணம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அதை வருடத்துக்கு 11,904 யூரோ ஆக்கினார்கள்.

தம்பிக்குச் சுருக்கமாக. ஓவியத்தில் பட்டத்தைவிட ஆசிரியர்தான் முக்கியம். ஜெர்மன் கலை அகாதெமிகளில் போர்ட்ஃபோலியோதான் நுழைவுச்சீட்டு. உள்ளே போனதும் ஒரு பேராசிரியரின் வகுப்பில் வருடக்கணக்கில் இருக்க வேண்டும். எனவே அந்தப் பேராசிரியர் என்ன வரைகிறார் என்று தெரியாமல் விண்ணப்பிக்கக் கூடாது, ஜெர்மன் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த அக்கித்தம் நாராயணன் 1967இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தனை வருடப் பாரிஸ் வாழ்க்கைக்குப் பிறகும் பூஜை யந்திரங்களின் கட்டங்களும் முக்கோணங்களும் அதில் இருக்கின்றன.

அப்பாவிடம் இப்போதைக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐந்தாமாண்டு தீசிஸ் தொடங்கும்போது விண்ணப்பிக்க ஆரம்பித்தால் போதும், எவ்வளவு தேவை என்பது அப்போதுதான் தெரியும். ஜெர்மனியை மனதில் வைத்திருந்தால் ஏபிஎஸ் சான்றிதழ் என்று ஒன்று கேட்பார்கள், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம். அதற்கு மட்டும் முன்கூட்டியே எழுதிப்போட்டுவிடுங்கள்.