கூடையில் மிஞ்சின ரெண்டு மீன்: பைதன் லிஸ்ட் கேள்வி பதில்

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி: அண்ணா, பைதன் என்ற நிரல் மொழியில எழுதின 'கூடை' லிஸ்ட்ல (பட்டியல்ல) அஞ்சு மீன் இருக்கு. ஃபோர் (for) லூப் போட்டு, அதாவது ஒவ்வொன்றா எடுத்து அதே வேலையைத் திருப்பிச் செய்ய விட்டு, 'விற்றது' லிஸ்ட்டுக்கு அப்பெண்ட் (append, கடைசியில சேர்க்கிறது) பண்ணி, கூடையில இருந்து ரிமூவ் (remove, அழிக்கிறது) பண்ணினன். ஓட விட்டா ரெண்டு மீன் கூடையிலயே கிடக்கு. பிழை என்றும் காட்டல்ல.

தங்கச்சி, பிழை காட்டாததாலதான் இது பொல்லாத பிழை. கொப்பியில வரிசையா எழுதுங்க: பாரை, சூரை, கெழுத்தி, மணலை, இறால். லூப்புக்கு மீனின்ட பேர் கணக்கில்ல, எத்தனையாவது இடம் என்றதுதான் கணக்கு. பைதன் இடத்தை 0இல இருந்து எண்ணும், அதால 0ஆம் இடத்தில பாரை. அதை ரிமூவ் பண்ணின உடன மற்ற நாலும் ஒவ்வொரு இடம் முன்னுக்கு வருது. சூரை இப்ப 0இல. லூப்போ 1க்குப் போயிட்டுது, அங்க நிக்கிறது கெழுத்தி. சூரையை அது பார்க்கவே இல்ல. அடுத்த சுற்றில மணலையும் இப்படித்தான் தப்பும். உங்கட கூடையில மிஞ்சினது ரெண்டாவதும் நாலாவதும்தானா என்று பாருங்க.

எல்லாத்தையும் மாற்றத்தான் வேணுமென்றா ஃபோர் வேணாம். கூடையில ஏதும் இருக்கும் வரைக்கும் ஓடுற வைல் (while) லூப் போட்டு, உள்ளுக்கு ஒரே வரி: விற்றது.append(கூடை.pop(0)). பொப் (pop) எடுத்தும் தரும், அழிச்சும் விடும். ரிமூவ் அழிக்க மட்டும்தான், திருப்பி ஒன்றும் தராது.

(கூடை, விற்றது என்று தமிழ்ப் பேரையே பைதன் 3இல மாறிக்கு (variable) வைக்கலாம். படிக்கிற காலத்தில வைச்சுப் பாருங்க, லொஜிக் கண்ணுக்குத் தெரியும்.)

கல்முனை: 500 ரூபாய்க்குக் கூடின மீனை மட்டும் மாற்றணும், எப்படி?

கூடை[:] என்று எழுதினா லிஸ்ட்டின்ட பிரதி கிடைக்கும். பிரதியில நடந்து, அசலில இருந்து ரிமூவ் பண்ணலாம், ஒன்றும் தப்பாது. ஆனா நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறது வேற வழி. வெறும் லிஸ்ட் ரெண்டு திறந்து, விலை கூடினதை ஒன்றிலயும் மற்றதை மற்றதிலயும் போடுங்க. அழிக்கிற வேலையே இல்ல. அழிக்காத இடத்தில இந்தப் பிழை வராது.

அக்கரைப்பற்று: சேர், பொப் போட்டன், வரிசை தலைகீழா வருது.

அடைப்புக்குள்ள 0 போடல்ல. சும்மா பொப் கடைசியில இருந்துதான் எடுக்கும்.

மட்டக்களப்பு: 'பழையது = கூடை' என்று எடுத்து வைச்சன். கூடை காலியானதும் பழையதும் காலி!

அது ஒரே கூடை, பேர்தான் ரெண்டு. சமன் குறி பிரதி எடுக்காது. 'பழையது = கூடை.copy()' என்று எழுதுங்க.

சம்மாந்துறை: நெல் மூட்டை லிஸ்ட் ஒன்றை மற்றதோட சேர்த்தா, லிஸ்ட்டுக்குள்ள லிஸ்ட்டா வருது.

அப்பெண்ட் முழு லிஸ்ட்டையும் ஒரே பொருளா வைக்கும். எக்ஸ்டெண்ட் (extend) போடுங்க, மூட்டை மூட்டையா இறங்கும்.