வாசகர் கேள்விகள்: பந்து கையில் இல்லாதவர்கள்

கேள்வி: அண்ணாச்சி, கபடியும் ஹாக்கியும் செழித்த மண்ணில் இருந்துகொண்டு, விடியற்காலையில் எழுந்து அமெரிக்கக் கூடைப்பந்து பார்க்கிறீர்களாமே, அதில் அப்படி என்ன இருக்கிறது?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சென்ற 2025ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, நம் நேரப்படி காலை ஆறு மணிக்கு, என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதிச் சுற்றில் முதல் ஆட்டம் தொடங்கியது. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி தன் சொந்தக் களத்தில், கடைசிக் கால் பகுதியில், இண்டியானா பேசர்ஸை விடப் பதினைந்து புள்ளிகள் முன்னால் இருந்தது. அத்துடன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அன்றைய வேலைக்குக் கிளம்பியிருந்தால் நான் இழந்திருக்கக்கூடியது என்ன என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இண்டியானா ஒவ்வொரு புள்ளியாக நெருங்கி வந்தது. ஆட்டம் முடிய 0.3 விநாடி இருக்கையில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்க, இண்டியானா 111-110 என்று வென்றது. நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்தில் அந்த அணி முன்னிலையில் இருந்த நேரம் அந்த 0.3 விநாடி மட்டுமே. அதே ஹாலிபர்ட்டன், ஜூன் 23ஆம் தேதி காலை நாம் பார்த்த, ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே குதிகால் தசைநார் கிழிந்து தரையில் விழுந்தார். அவர் தரையைக் கையால் அறைந்த காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. கோப்பை தண்டருக்குப் போயிற்று. அந்த அணி ஆண்டு முழுவதும் ஆடிய ஆட்டத்துக்கு அது தகும் என்றாலும், அன்று காலை எனக்கு இட்லி இறங்கவில்லை.

கேள்வி: கூடைப்பந்தில் இருபத்து நான்கு விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்பது என்ன கணக்கு?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 1950ஆம் ஆண்டு நவம்பரில் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி, ஜார்ஜ் மைக்கன் என்ற நெடியவர் இருந்த மினியாபொலிஸ் லேக்கர்ஸை எதிர்கொண்டபோது, பந்தை எறியாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தி 19-18 என்று வென்றது. காசு கொடுத்து வந்தவர்கள் இப்படியொரு ஆட்டத்தை மறுமுறை பார்க்க வருவார்களா? சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு கணக்குப் போட்டார்: விறுவிறுப்பான ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை எறிகின்றன, ஆட்ட நேரம் 2,880 விநாடி, வகுத்தால் இருபத்து நான்கு. 1954இல் அது விதியாயிற்று.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த வீரர் யார்?
— வாசகி, வள்ளியூர்

பதில்: டென்வர் நகெட்ஸ் அணியின் நிக்கோலா யோக்கிச். செர்பியாவிலிருந்து வந்த அவரை அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் 2014ஆம் ஆண்டுத் தேர்வில் நாற்பது பேருக்குப் பிறகே, 41ஆவது ஆளாக எடுத்தார்கள். 2023இல் அந்த அணிக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்து, இறுதிச் சுற்றின் சிறந்த வீரராகவும் அவரே நின்றார். அவர் உயரமாகத் தாவுவதில்லை, வேகமாக ஓடுவதும் இல்லை. ஆனால் தன் அணியினர் அடுத்த நொடியில் எங்கே இருப்பார்கள் என்பதை அவர்களுக்கு முன்பே அறிந்து, அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுகிறார். அவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, தாயே, பந்தின் பின்னால் கண்ணை ஓட்டாதீர்கள். பந்து கையில் இல்லாத நால்வரையும் பாருங்கள். ஒருவர் ஓடித் தடுப்பவரை இழுத்துச் செல்வார், இன்னொருவர் குறுக்கே நின்று வழியை மறைப்பார், மூன்றாமவருக்கு வளையத்தின் கீழ் இடம் திறந்திருக்கும். ஆட்டத்தின் அழகில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: அண்மையில் பார்த்த படங்களில் மனத்தில் நின்றது எது?
— வாசகர், தென்காசி

பதில்: மாரி செல்வராஜின் ‘பைசன்’. நம் பக்கத்து மணத்தியிலிருந்து புறப்பட்டு, 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற கணேசனின் வாழ்வைத் தழுவி எடுத்த படம் என்பதால், தாமிரபரணிக் கரையில் பிறந்த எவரும் அதை விலகி நின்று பார்க்க முடியாது. துருவ் விக்ரமின் உழைப்பைப் பலரும் பாராட்டிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, மகன் ஆடப் போகிறான் என்றாலே அஞ்சி நடுங்கும் தந்தையாகப் பசுபதி நின்ற நிற்றல். கோட்டுக்கு வெளியே நிற்கும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால்தான், உள்ளே பாடிப் போகிறவன் எதையெல்லாம் சுமந்துகொண்டு போகிறான் என்பது விளங்குகிறது. என் குறை ஒன்றே: கபடிக் காட்சிகளை இன்னும் சற்று எட்ட நின்று, ஏழு பேரின் கால்களும் தெரியும்படி, வெட்டாமல் காட்டியிருக்கலாம். சங்கிலி பிடிப்பது எப்படி உருவாகிறது என்று பார்க்க ஊர்க்களத்தில் கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். திரையிலும் அதைப் பார்க்க எனக்கு ஆசை.

கேள்வி: கூடைப்பந்தைச் சரியாகக் காட்டிய படம் உண்டா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: 2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஹஸல்’ படத்தைச் சொல்வேன். ஆடம் சாண்ட்லர் புதிய வீரர்களைத் தேடி அலையும் ஆளாக நடிக்க, அவர் ஸ்பெயினில் கண்டெடுக்கும் இளைஞனாக ஹுவாஞ்சோ எர்னாங்கோமஸ் என்ற உண்மையான என்.பி.ஏ. வீரரே நடித்தார். ஆடத் தெரியாத நடிகரை வைத்து எடுத்தால், பந்து கையை விட்டுக் கிளம்புவது ஒரு காட்சி, வளையத்தில் விழுவது வேறொரு காட்சி என்று வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். இங்கே அந்தத் தேவை எழவில்லை. கதை பழகிய பாதையில்தான் போகிறது. இருந்தாலும் மேட்டுச் சாலையில் மீண்டும் மீண்டும் ஓடிப் பயிற்சி செய்யும் பகுதியை நான் இரண்டு முறை பார்த்தேன். அதே ஆண்டு எர்னாங்கோமஸ் ஸ்பெயின் அணியில் ஆடி ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியின் சிமெண்ட் களத்தில் மூன்று புள்ளிக் கோட்டில் நின்றுகொண்டே எறிகிறான், உள்ளே போக மறுக்கிறான். என்ன சொல்லலாம்?
— வாசகர், நாங்குநேரி

பதில்: தொலைவிலிருந்து எறிவதை என்.பி.ஏ. வீரர் ஸ்டெஃபன் கறியைப் பார்த்து உலகமே கற்றுக்கொண்டிருக்கும்போது, பையனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோடு 6.75 மீட்டர் தொலைவில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக் கைக்கு அது எட்டாததால் தோளை வளைத்து, இடுப்பிலிருந்து பந்தை வீசும் பழக்கம் வந்துவிடும், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. முதலில் வளையத்துக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்று நாள்தோறும் ஐம்பது முறை எறியட்டும். அதன்பின் நண்பன் ஒருவனுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்த இடத்திலேயே நிற்காமல் வளையத்தை நோக்கி ஓடச் சொல்லுங்கள். பந்து திரும்பி வரும்.