விவசாயம் வந்த பிறகுதான் மனிதர்கள் ஓரிடத்தில் தங்க ஆரம்பித்தார்களா?

இல்லை. முதலில் வேட்டை, அப்புறம் விவசாயம், அதனால் ஊர், கடைசியில் கோயில் என்ற வரிசையைத்தான் பலரும் பள்ளியில் படித்திருப்போம், ஆனால் மண்ணுக்கடியில் கிடைத்தவை வேறு கதை சொல்கின்றன.

தென்கிழக்குத் துருக்கியில் கோபெக்லி தெபே என்று ஒரு மேடு இருக்கிறது. 1995இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் கிளாஸ் ஷ்மிட் அங்கே அகழாய்வைத் தொடங்கியபோது பெரிய பெரிய கல்தூண்கள் வட்டம் வட்டமாக வெளிவந்தன, சில 5 மீட்டருக்கும் மேல் உயரம், அவற்றில் நரி, பாம்பு, காட்டுப்பன்றி எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். வயது சுமார் 11,000 ஆண்டுகளுக்கு மேல். அங்கே கிடைத்த எலும்புகள் காட்டு விலங்குகளுடையவை, தானியங்களும் காட்டு வகைதான். அதாவது இத்தனையையும் செய்தவர்கள் பயிரிடத் தொடங்காத வேட்டைக்காரர்கள்! அங்கே யாரும் குடியிருக்கவில்லை, வழிபாட்டுக்கு மட்டும் கூடினார்கள் என்பது ஷ்மிட்டின் கருத்து. பிற்பாடு வீடுகளின் தடயங்களும் மழைநீர் சேகரித்த அமைப்புகளும் கிடைத்ததால் அது இப்போது ஆட்டம் கண்டுவிட்டது.

இதற்கும் முன்னால், இன்றைய இஸ்ரேல், ஜோர்டான் பகுதியில் நத்தூஃபியர்கள் என்ற, இன்னும் பயிரிடத் தொடங்காத வேட்டைச் சமூகத்தினர் கல் அடித்தளம் போட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள், காட்டுத் தானியத்தை அரைத்து ரொட்டியும் சுட்டார்கள். ஜோர்டானில் கிடைத்த கருகிய ரொட்டித் துண்டுகளுக்கு வயது சுமார் 14,400 ஆண்டுகள்.

என்னைக் கேட்டால் கவனிக்க வேண்டியது உணவு எவ்வளவு நிச்சயமாகக் கிடைத்தது என்பதைத்தான். வட அமெரிக்காவின் வடமேற்குக் கடலோர மக்கள் உணவுக்காகப் பயிர் செய்யாமல், ஆண்டுதோறும் ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீனை உலர்த்திச் சேமித்தே, பெரிய மரவீடுகளும் தலைவர்களும் அடிமைகளும் கொண்ட ஊர்களை நடத்தியிருக்கிறார்கள்.