பீனியா லேத் வேலை: ராஜினாமா கேட்டா எழுதிக் குடுக்கலாமா?

தம்பி, பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில 22 வருஷமா லேத் ஓட்டுற அப்பாவை "சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்) தெரியலை, ராஜினாமா எழுதிக் குடுங்க"ன்னு நெருக்குறாங்கன்னு போட்டிருந்தீங்க. முதல்ல அந்தக் கையெழுத்தைப் போட விடாதீங்க. போட்டா அவரா போனதா ஆயிடும். கிராஜுவிட்டி எப்படியும் வரும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000ன்னா 3,30,000 ரூபாய். ஆனா ஆட்குறைப்புன்னு அவங்களே அனுப்பினாத்தான் ஒரு மாச நோட்டீஸும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்குல இழப்பீடும் தனியா கிடைக்கும். 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புல மறுதிறன் நிதின்னு (வேற வேலை கத்துக்க) இன்னொரு 15 நாள் சம்பளமும் இருக்கு. அதோட, அதே பிரிவுல கடைசியா சேர்ந்தவரைத்தான் பொதுவா முதல்ல அனுப்பணும்.

ஹெச்ஆர் வாயால சொல்றதுக்கு நீங்க எழுத்துல பதில் குடுங்க: "சிஎன்சி பயிற்சி குடுங்க, கத்துக்கத் தயார்." வாங்கிக்கிட்டதா நகல்ல சீல் போட மறுத்தா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. ராஜாஜிநகர்ல இருக்கிற அரசு டூல் ரூம் பயிற்சி மையத்துக்கு (ஜிடிடிசி) நேர்ல போய்க் குறுகிய காலப் பயிற்சி கேளுங்க. மைக்ரோமீட்டர் பிடிச்ச கைக்கு சிஎன்சில ஆஃப்செட் போடறது (டூல் அளவைத் திருத்தறது) சீக்கிரம் வரும். ஸ்கிரீனைப் பார்த்துதான் பெரியவங்க மிரளுவாங்க. அப்பவும் விடலைன்னா பன்னர்கட்டா ரோடு கார்மிக பவன்ல (தொழிலாளர் துறை ஆபீஸ்) மனு குடுங்க, கன்னடத்துல எழுதினா வேலை சுளுவா நடக்கும்.