ஆயில் ஃபில்டர்: மரை ஏறினால் மட்டும் போதுமா?

காரின் உதிரிபாகங்களில் மிக மலிவானவற்றில் ஒன்று, இன்ஜின் ஆயிலை வடிகட்டும் ஆயில் ஃபில்டர். பல சிறிய பெட்ரோல் கார்களுக்கு 100 முதல் 200 ரூபாய்க்குள் நல்ல ஃபில்டரே கிடைத்துவிடும். இருந்தும் அதில்தான் பலர் கை சுருக்குகிறார்கள், பல இடங்களில் ஏமாற்று வேலையும் நடக்கிறது. அது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடையது 2019 மாடல் வேகன்-ஆர், பெட்ரோல். வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடாது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் "ஆயிலை மட்டும் மாத்திக்கலாம் சார், ஃபில்டரை அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்கிறார்கள். சரியா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

பழைய ஃபில்டருக்குள் ஏறக்குறைய கால் லிட்டர் அழுக்கு ஆயில் தங்கியிருக்கும். உங்கள் காரைப் போன்ற சிறிய இன்ஜினில் மொத்தமே 3 லிட்டர் சுற்றித்தான் ஆயில் பிடிக்கும். புது ஆயிலை ஊற்றிச் சாவியைத் திருப்பிய சில விநாடிகளில் அந்தக் கால் லிட்டரும் அதோடு கலந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. ஆயில் பம்ப் அனுப்பும் ஆயில் முதலில் ஃபில்டர் காகிதத்தின் வழியாகப் போய், அப்புறம்தான் கிராங்க் ஷாஃப்ட் பேரிங், கேம் ஷாஃப்ட் என்று இன்ஜினுக்குள் சுழலும் பாகங்கள் எல்லாவற்றுக்கும் போகிறது. காகிதம் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்கு ஆயிலே போகாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக பைபாஸ் வால்வு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அடைப்பு கூடும்போது அது திறந்துகொள்ளும். அப்போது பேரிங்குக்குப் போவது வடிகட்டாத ஆயில். டேஷ்போர்டில் இதற்கு எந்த விளக்கும் எரியாது. சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தம் குறைந்தால் மட்டுமே எரியும், ஆயில் வடிகட்டப்படுகிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

இரண்டு ஆயில் மாற்றத்துக்கு ஒரு ஃபில்டர் என்ற பழக்கம் ஜப்பானில் உண்டு. ஹோண்டாவின் பழைய கையேடுகள் சிலவற்றிலும் அப்படிப் போட்டிருந்தார்கள். ஆனால் ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களுக்கான கணக்கு அது. நம் ஊரில் பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கிறது. அந்த இடைவெளியை இரட்டிப்பாக்கினால் 20,000 கிலோமீட்டர் ஆகிவிடும்.

குறைவாக ஓடும் கார் என்பதால் தள்ளிப்போடலாம் என்று நினைக்காதீர்கள். கடைத்தெரு, பள்ளிக்கூடம் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் காரில் ஆயில் சரியாகச் சூடேறுவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் அதிலேயே தங்கிக் கசடாகின்றன. கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ஐ20 பெட்ரோல் காருக்கு ஃபில்டர் வாங்க, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். ஹூண்டாய் பெட்டியில் ஒன்று, பாஷ் ஒன்று, பெயரே கேள்விப்படாத ஒன்று என்று மூன்றைக் காட்டினார்கள். கடைசியாகச் சொன்னது பாதி விலை. "மரை ஒண்ணுதாங்க, மூணும் ஏறும்" என்றார் கடைக்காரர். எதை வாங்குவது? (சென்னை வாசகர்)

பதில்: மூன்றும் ஏறும் என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். 20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் புரி இடைவெளி கொண்ட மரையை (திருகு புரியை) மாருதி, ஹூண்டாய், ஹோண்டா என்று பல கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. அதனால் மரை ஏறுவதை வைத்து அது உங்கள் இன்ஜினுக்கான ஃபில்டர் என்று முடிவுகட்ட முடியாது. ரப்பர் கேஸ்கட்டின் (ஆயில் கசியாமல் அடைக்கும் வளையத்தின்) விட்டம் கொஞ்சம் மாறினாலும் உட்காரும் இடம் தவறி ஆயில் கசியும். வெளியே தெரியாத வித்தியாசங்கள் இன்னும் முக்கியமானவை.

முதலாவது, காகிதம். தகர உருளைக்குள் காகிதத்தை விசிறி மடிப்பாக மடித்து வைத்திருப்பார்கள். மடிப்புகள் எவ்வளவு நெருக்கமாகவும் சீராகவும் இருக்கின்றனவோ அவ்வளவு அழுக்கை அது தாங்கும். மட்டமான ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் மடிப்புகள் குறைவாக, அங்கங்கே இடைவெளி விட்டு இருக்கும். காகிதத்தின் இரு முனைகளும் மூடியோடு சரியாக ஒட்டாமல் இருந்தால் ஆயில் அந்தச் சந்து வழியாகவே போய்விடும். அப்புறம் காகிதம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. இன்ஜினை அணைத்ததும் ஃபில்டரில் உள்ள ஆயில் கீழே சம்புக்கு (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) இறங்கிவிடாமல் பிடித்துவைப்பது இதன் வேலை. ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட இன்ஜின்களில் இது மிக அவசியம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இரண்டு மூன்று விநாடி "கடகட" என்று சத்தம் வந்து அடங்கினால், இந்த வால்வு சரியில்லையோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். பேரிங்குகள் ஆயில் இல்லாமல் சுற்றும் நேரம் அது. நல்ல ஃபில்டர்கள் சிலவற்றில் இந்த ரப்பர் சிலிகானில் இருக்கும். அது சூட்டில் சீக்கிரம் விறைக்காது.

மூன்றாவது, முன்பு சொன்ன பைபாஸ் வால்வு. எத்தனை அழுத்தத்தில் அது திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சில இன்ஜின்களில் வால்வு இன்ஜின் பிளாக்கிலேயே இருப்பதால் ஃபில்டருக்குள் அது இருக்காது. தவறான ஃபில்டரைப் போட்டால் தேவையில்லாமல் அடிக்கடி திறக்கும், அல்லது திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. மரை ஒன்றாக இருக்கிறதே என்று வேறு காரின் ஃபில்டரைப் போடக் கூடாது என்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். "கொஞ்சம் பெரிய ஃபில்டரா போடுங்க, நிறைய அழுக்கு பிடிக்கும்" என்கிற யோசனையையும் இதனால்தான் நான் ஏற்பதில்லை.

ஹூண்டாய் பெட்டியையோ பாஷையோ தாராளமாக வாங்கலாம். கார் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை, ஃபில்டர் செய்யும் நிறுவனங்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. அதனால் பாஷ், மான், மாலே, பியூரோலேட்டர், எலோஃபிக் போன்ற ஃபில்டர் தயாரிப்பாளர்களின் பொருளை வாங்குவதில் தவறில்லை. ஒரே நிபந்தனை, உங்கள் காரின் ஒரிஜினல் பார்ட் நம்பருக்கு இணையானது என்று அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் "ஐ20" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெயரில் பெட்ரோலும் டீசலும் பல தலைமுறைகளாக வந்திருக்கின்றன. பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனி உதிரிபாகக் கவுன்டரில் சரியான பார்ட் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். அதை போனில் குறித்து வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் ஏமாற வேண்டியதில்லை.

பெயர் தெரியாத அந்த மூன்றாவதை வாங்காதீர்கள். ஒரு ஃபில்டரில் மிஞ்சுவது நூறு ரூபாய்கூட இருக்காது. பேரிங் தேய்ந்தால் இன்ஜினையே இறக்க வேண்டிவரும்.

கேள்வி: பெட்டியைப் பார்த்தால் கம்பெனி பெட்டி மாதிரியே இருக்கிறது. டூப்ளிகேட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை வாசகர்)

பதில்: பெட்டியை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது இப்போது கடினம், அச்சு அவ்வளவு நேர்த்தியாக வருகிறது. அதனால் எங்கே, எப்படி வாங்குகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள்.

ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் கேளுங்கள். அதில் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். ஆயில் ஃபில்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பில்லில் அதையும் பாருங்கள். "பில் போட்டா விலை ஏறும்" என்று சொல்லும் கடையில் ஃபில்டர் வாங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது பேக் செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், எல்லா வரிகளும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதி. ஒன்று குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கையில் எடுத்தால் இவற்றைப் பாருங்கள்: மரை சுத்தமாக, இரும்புத் துகள் இல்லாமல் இருக்க வேண்டும். கேஸ்கட் பள்ளத்தில் சீராக உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டியில் உள்ள நம்பரும் ஃபில்டர் உடம்பில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். லேசாக ஆட்டினால் உள்ளே எதுவும் உருளக் கூடாது. பழைய ஒரிஜினல் ஃபில்டர் கையில் இருந்தால் எடையை ஒப்பிடாதீர்கள், ஆயில் ஊறிய காகிதம் கனக்கும்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

கேள்வி: வெளியில் வாங்கிய ஃபில்டரைப் போட்டால் வாரன்டி போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். உண்மையா? (சேலம் வாசகர்)

பதில்: மொத்தமாகப் போய்விடாது. சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்று 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்தாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை வைக்கக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரன்டியை மறுக்கலாம் என்றும் அதில் சொல்லியிருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், வழக்கு நீண்டது.

இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: வாரன்டி காலம் முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக்கொள்ளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், இன்ஜினில் பழுது வரும்போது "ஃபில்டரால்தான் வந்தது" என்று அவர்கள் சொல்வார்கள், அதை மறுக்க நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்கு அலைய வேண்டிவரும். வாரன்டி முடிந்தபின் தாராளமாக வெளியே வாருங்கள்.

கேள்வி: பில்லில் ஃபில்டர் என்று போடுகிறார்கள். உண்மையில் மாற்றினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வேலூர் வாசகி)

பதில்: பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் அம்மா. வண்டியை விடும்போதே "பழையதை எடுத்து வைங்க, நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஃபில்டர் வெளியே தெரியும் இடத்தில் இருந்தால் முன்கூட்டியே மார்க்கரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். புது ஃபில்டரின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கேள்வி: பழைய ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். நானே மாற்றலாமா? ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் மாற்றிய பிறகு ஃபில்டர் மூடியிலிருந்து ஆயில் கசிந்தது. (கோவை வாசகர்)

பதில்: மாற்றலாம். உங்கள் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினில் தகர ஃபில்டர் கிடையாது. பிளாஸ்டிக் மூடிக்குள் வெறும் காகித உருளை மட்டும் இருக்கும். மூடியில் உள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். புது ஃபில்டர் பெட்டியிலேயே ஓ-ரிங் வரும். அதைப் பெட்டியோடு தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய விறைத்த ரிங்கையே போடுகிறவர்கள் உண்டு. கசிவுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இன்னொன்று, மூடியை அளவுக்கு மீறி முறுக்கிக் கீறல் விழவைப்பது. எவ்வளவு முறுக்க வேண்டும் என்று பல மூடிகளின் மேலேயே பொறித்திருப்பார்கள். அந்த அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள்.

தகர ஃபில்டர் உள்ள காருக்கு வழி இது. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்குங்கள், கொதிக்கும் சூட்டில் வேண்டாம். கார் நிச்சயம் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் கேஸ்கட் அதோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது ஃபில்டர் ஏறிவிட்டால், ஓடும்போது ஆயில் பீய்ச்சி அடிக்கும். சில நிமிடத்தில் இன்ஜினே போய்விடலாம். புது கேஸ்கட்டில் விரலால் புது ஆயிலைத் தடவி, கையால் திருகுங்கள். ரப்பர் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று போதும், ஃபில்டரின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்தான். ஆயிலை இறக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடுங்கள்.

ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் சிவப்பு விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும், அதுவரை ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, அடியில் கசிவு பார்த்து, அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். ஃபில்டர் ஆயிலை இழுத்துக்கொண்டிருப்பதால் அளவு குறைந்திருக்கும். கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும்.

கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது சட்டப்படி அபாயகரக் கழிவு. கேனில் பிடித்து, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். பழைய ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து, வடிந்த ஆயிலையும் அதே கேனில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: காகிதத்துக்குப் பதில் செயற்கை இழை வைத்த சிந்தெடிக் ஃபில்டர் என்று இரண்டு மடங்கு விலையில் விற்கிறார்களே, தேவையா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்குத் தேவையில்லை, நல்ல காகித ஃபில்டரே போதும். இடைவெளி நீண்ட இன்ஜின் என்று கையேடு சொன்னால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் ஆயில் ஃபில்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 4548-12 சோதனையில் எத்தனை மைக்ரான் துகளை எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்ற விவரத்தைக் கேளுங்கள். விற்கிறவரால் அதைக் காட்ட முடியாவிட்டால் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.