உதுமானிய சுல்தானின் அந்தப்புரத்தில் அடிமைப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

ஏதோ துருக்கித் தொடர் பார்த்துவிட்டு, "அங்கே இருந்த எல்லாருமே சுல்தானின் ஆசைநாயகிகள்தானா? ராணி மாதிரி வாழ்ந்தார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அங்கிருந்த சில நூறு பெண்களில் பெரும்பாலானவர்கள் சுல்தானின் படுக்கையறைப் பக்கம் போனதே கிடையாது. துவைத்தார்கள், தைத்தார்கள், குளியலறைக்கு வெந்நீர் போட்டார்கள், பண்டக அறைக்குக் கணக்குப் பார்த்தார்கள். மேற்கத்திய ஓவியங்களில் அரைகுறை ஆடையோடு சாய்ந்திருக்கும் 'ஓடலிஸ்க்' அழகியின் பெயரே இந்த வேலையிலிருந்து வந்ததுதான். துருக்கி மொழியில் 'ஓடா' என்றால் அறை, 'ஓடாலிக்' என்றால் அறைப் பணிப்பெண். 1814இல் அந்தப் பெயரில் புகழ்பெற்ற ஓவியத்தைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் கிழக்கு நாடுகளுக்குப் போனதே இல்லை!

சில வருடம் முன்பு இஸ்தான்புல்லில் உதுமானிய சுல்தான்கள் வாழ்ந்த டோப்காப்பி அரண்மனைக்குப் போயிருந்தேன். அந்தப்புரத்துக்குத் தனி டிக்கெட். ராஜமாதா இருந்த பகுதியில் சுவரெல்லாம் பூ வேலைப்பாட்டு ஓடுகள். அதை ஒட்டியே பணிப்பெண்களின் முற்றம். குறுகலாக, வெளிச்சம் குறைவாக. ஒரு பக்கம் துவைக்குமிடம், ஒரு பக்கம் சமையல். கூட்டம் அங்கே நிற்காமல் ஓடுகளைப் படமெடுக்கப் போய்விட்டது.

இந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? முஸ்லிமை அடிமையாக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் வெளியிலிருந்துதான் பிடித்துவந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் கிரிமியத் தாத்தாரியர்கள் இன்றைய உக்ரைன், போலந்துப் பக்கம் ஊர்களைச் சூறையாடி, ஆட்களைக் கருங்கடல் வழியாகக் கொண்டுவந்து விற்றார்கள். காக்கேசியாவிலிருந்தும் வந்தார்கள். வந்ததும் மதம், மொழி, பெயர் எல்லாம் மாறும்.

சுல்தான்கள் இவர்களிடம் பிள்ளை பெற்றுக்கொண்டதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த வீடு கிடையாது, அதனால் சம்பந்தி கிடையாது. மாமனார் படை திரட்டி வாசலில் வந்து நிற்க மாட்டார். பிள்ளை பெற்றவளை விற்க முடியாது, எஜமான் இறந்தால் அவளுக்கு விடுதலை என்பது சட்டம் தந்த ஒரே பிடிமானம். பிள்ளை பெறாதவர்களில் பலருக்கும் பல வருட வேலைக்குப் பிறகு விடுதலை கொடுத்து, அரண்மனையில் வளர்ந்த அதிகாரிகளுக்குக் கட்டிவைத்தார்கள். பெரும்பாலும் அந்த மாப்பிள்ளையும் சுல்தானின் அடிமைதான்.

மேலே ஏறியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டு சுல்தான் சுலைமானிடம் அடிமையாக வந்து அவன் மனைவியே ஆன ஹுர்ரெமுக்கு தினப்படி 2000 அக்சே வெள்ளிக்காசு. கடைநிலைப் பணிப்பெண்ணுக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஹுர்ரெமைச் சொல்கிறவர்கள் மஹிதெவ்ரானையும் சொல்ல வேண்டும். சுலைமானுக்கு முஸ்தபாவைப் பெற்றவள். ஒருத்திக்கு ஒரு மகன் பிறந்தால் அதோடு சுல்தானின் உறவு முடிந்தது என்பது அன்றைய வழக்கம். மகன் மேற்குத் துருக்கியின் மனிசாவுக்கு ஆளுநராகப் போனபோது கூடவே போனாள். அவன் அரியணை ஏறினால்தான் அவளுக்கு வாழ்வு. 1553இல் அப்பனே அவனைக் கழுத்தை நெரித்துக் கொல்லச் சொன்னான். அதன்பின் பூர்சா நகரத்தில் வாடகை கொடுக்க முடியாமல், கடனாளியாக இருந்தாள். கடைசியில் உதவியது ஹுர்ரெமின் மகன் இரண்டாம் செலிம். 1581இல் செத்தாள். ஹுர்ரெமின் கதை கேட்பவர்கள் பலருக்கு மஹிதெவ்ரான் வில்லிதான். எனக்கு அந்த எரிச்சல் உண்டு.

ஹுர்ரெமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மகன் வழக்கத்தை உடைத்தாள். 1534 வாக்கில் சுல்தானே விடுதலை கொடுத்து மணந்துகொண்டான். ஆரம்பத்தில் அவளுக்குத் துருக்கி எழுத வராது, அவனுக்கான கடிதங்களை வேறொருவர் எழுதிக்கொடுத்தார். 'ஹுர்ரெம்' என்பது அரண்மனை வைத்த பாரசீகப் பெயர், 'மகிழ்ச்சியானவள்' என்று அர்த்தம். ஐரோப்பியர்கள் சொன்ன 'ரொக்சலானா'வுக்கு 'ருத்தேனிய நாட்டுக்காரி', அதாவது இன்றைய உக்ரைன் பக்கத்துப் பெண், என்றுதான் அர்த்தம். அம்மா அப்பா வைத்த பெயரை அரண்மனைக் கணக்கில் யாரும் எழுதி வைக்கவில்லை.