நானுஓயாவுக்குப் பெரிய ஹைபிரிட் கார் சரிப்படுமா?

நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறேன். கையில் 2010 டொயோட்டா பிரிமியோ 1500 சிசி கார் இருக்கிறது. மாதம் ஒருமுறை அப்பா, அம்மாவைப் பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். கொழும்புக்கும் மாதம் இரண்டு தடவை போய் வருவேன். தெரிந்தவர் ஒருவர் 2013 டொயோட்டா கேம்ரி ஹைபிரிட்டை விற்கிறார். 'இறக்கத்தில் பற்றரி தானாகச் சார்ஜ் ஆகிவிடும், பெற்றோல் செலவே தெரியாது' என்கிறார். உண்மையா? 2500 சிசி எஞ்சின் நம் மலையில் எப்படி இழுக்கும்?"

ஹைபிரிட் என்றால் பெற்றோல் எஞ்சினும் பற்றரியில் ஓடும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கார். விற்கிறவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் இந்தக் காரை வாங்கினால், பெற்றோல் செலவைவிட பிரேக்தான் உங்களைச் சோதிக்கும். அதனால் இறக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்து சேரும்போது ஐந்நூறு மீற்றருக்குக் கீழே வந்துவிடுவீர்கள். கார், நீங்கள், அப்பா, அம்மா, சாமான்கள் எல்லாம் சேர்த்து 1,900 கிலோ என்று வைத்தால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 7 கிலோவாட் மணித்தியாலம். டயரின் உருளலுக்கும் காற்றின் எதிர்ப்புக்கும் ஒரு பெரிய பங்கு போகும். அப்படியும் மிச்சம் நிறைய. ஆனால் இந்த கேம்ரியில் இருக்கும் நிக்கல் பற்றரியின் மொத்தக் கொள்ளளவே 1.6 கிலோவாட் மணித்தியாலம்தான். அதிலும் பற்றரி கெடாமல் இருப்பதற்காக, கணினி நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்த விடும். அடிமட்டத்துக்கும் இறங்க விடாது, உச்சிக்கும் ஏற விடாது. றம்பொடை நீர்வீழ்ச்சிக்குக் கீழே ஒரு வாளியை வைத்தது மாதிரிதான். லபுக்கலைத் தேயிலைத் தோட்டத்தை நெருங்கும்போதே திரையில் பற்றரி நிரம்பியதாகக் காட்டும். அதற்குப் பிறகும் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்க வேண்டியிருக்கிறது.

அந்த மிச்ச இறக்கத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். சாதாரண நேரத்தில் நீங்கள் பிரேக் பெடலை மெதுவாக மிதித்தால், மோட்டார்தான் ஜெனரேட்டராக மாறி காரை இழுத்துப் பிடிக்கும். டிஸ்க்கும் பேடும் பெரும்பாலும் சும்மா இருக்கும். இதனால்தான் ஹைபிரிட்டில் பிரேக் பேட் நீண்ட காலம் உழைக்கிறது. பற்றரி நிரம்பியதும் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. முழுச் சுமையும் டிஸ்க் பிரேக்குக்கு வந்துவிடும். பெடலில் கால் வைத்தபடியே வளைவு வளைவாக இறங்கினால் பிரேக் சூடேறி மணக்கும், பிறகு பிடிப்பு குறையும். நானுஓயாக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை; விபத்துக்குப் பேர்போன ரதல்ல குறுக்குப் பாதை இறக்கம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வழி கியர் லீவரிலேயே இருக்கிறது. டி (D) நிலைக்கு அடுத்து பி (B) என்று ஒரு நிலை உண்டு. காரை நிறுத்தி வைக்கும்போது போடும் P அல்ல இது. நீண்ட இறக்கம் தொடங்கும் முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போதே, பி நிலைக்கு மாற்றுங்கள். அப்போது பற்றரிக்குப் போக முடியாத மின்சாரத்தைக் கொண்டு கார் தன் எஞ்சினையே பெற்றோல் ஊற்றாமல் சுழற்றும். எஞ்சின் காற்றை அமுக்கி அமுக்கிச் சக்தியைத் தின்றுவிடும். சத்தம் பெரிதாக வரும். முதல் தடவை கேட்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்கள். ஒன்றும் உடையவில்லை, கார் தன் வேலையைச் செய்கிறது. சம தரைக்கு வந்ததும் டி நிலைக்குத் திரும்பிவிடுங்கள். பி நிலையிலேயே ஓட்டினால் பெற்றோல்தான் வீணாகும்.

இன்னொன்று. நம் பக்கத்து டிரைவர்கள் சிலருக்கு இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விடுகிற பழக்கம் இருக்கிறது, பெற்றோல் மிச்சமாம். எந்தக் காரிலும் அது ஆபத்து. ஹைபிரிட்டில் முட்டாள்தனமும்கூட. டி நிலையில் இறங்கும்போது எஞ்சின் எப்படியும் பெற்றோல் குடிப்பதில்லை. நியூட்ரலில் போட்டால் பற்றரி சார்ஜ் ஆவதும் நின்றுவிடும்.

சரி, ஏற்றம். இந்தக் காரின் எஞ்சின் 2,493 சிசி, 160 குதிரைவலு. மோட்டார் 143 குதிரைவலு. இரண்டையும் கூட்டி 303 என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மொத்தமாகக் கிடைப்பது 205தான். பற்றரி ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடிய மின்சாரத்துக்கு ஒரு வரம்பு இருப்பதே காரணம். அதாவது பற்றரியின் பங்கு சுமார் 45 குதிரைவலு. மோட்டாரின் மிச்ச வேலைக்கான மின்சாரம் எஞ்சினிலிருந்துதான் வருகிறது.

மலையில் இன்னொரு கழிவும் உண்டு. நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அந்த அளவுக்கு வலுவை இழக்கும். 160 என்பது 130க்குச் சற்று மேலே வந்து நிற்கும். மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, அது குறையாது. ஆகவே புசல்லாவைப் பக்கம் மரக்கறி லொறி ஒன்றை முந்த வேண்டிய அந்தச் சில விநாடிகளில் கேம்ரி உங்களை மகிழ்விக்கும். நின்ற இடத்திலிருந்தே 270 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை மோட்டாரிலிருந்து வருகிறது. ஆனால் கம்பளையிலிருந்து மேலே வரை மிதித்துக்கொண்டே வந்தால், பாதி வழியில் பற்றரி தன் கீழ் எல்லைக்கு வந்துவிடும். பிறகு 1,550 கிலோ காரை எஞ்சின் தனியாக இழுக்க வேண்டும். அந்த நேரத்தில், எடைக்கு எடை பார்த்தால், உங்கள் பிரிமியோவைவிடப் பெரிதாக ஒன்றும் முன்னால் இருக்காது. நிதானமாக ஏறினால் இந்தக் கட்டமே வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டும்போது ஒரு விஷயம் விசித்திரமாகத் தெரியும். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஒரே சுருதியில் உயர்ந்து நிற்கும், வேகம் பிறகு மெதுவாகத்தான் ஏறும். கிளட்ச் நழுவுகிறதோ என்று தோன்றும். இந்தக் காரில் கிளட்சும் இல்லை, மாற்றுவதற்குப் படிப்படியான கியரும் இல்லை. கிரகப் பற்சக்கரத் தொகுதி ஒன்று எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் இணைக்கிறது. எஞ்சின் தனக்கு வசதியான சுழற்சியில் நின்றுகொள்ளும். பழக ஒரு வாரம் போதும். பின் சீட்டில் இருக்கிற அப்பா, அம்மாவுக்கு இது வரம். கியர் மாறும் குலுக்கலே கிடையாது, சீட்டும் கால் நீட்டும் இடமும் பிரிமியோவைவிடத் தாராளம். இந்தக் காரை வாங்க எனக்கு ஒரு நல்ல காரணம் தெரிகிறது என்றால் அது இதுதான்.

பெற்றோல் பற்றிச் சொல்வதானால், ஜப்பானிய ஜேசி08 சோதனையில் இதற்குக் கொடுத்த எண் லீற்றருக்கு 23.4 கிலோமீற்றர். நம் பாதையில் அதில் மூன்றில் ஒரு பங்கையாவது கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 92 ஒக்டேன் போதும், 95க்குக் காசு செலவழிக்க வேண்டாம். குளிர் காலத்தில் இன்னொரு செலவும் வரும். நீங்கள் ஹீட்டர் போட்டால், வெந்நீருக்காக எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். ஜனவரிக் காலையில் நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது 'ஏன் எஞ்சின் நிற்கவே மாட்டேன் என்கிறது' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஏசி அப்படியல்ல, அதன் கம்பிரஸர் மின்சாரத்தில் ஓடுவதால், எஞ்சின் நின்றிருந்தாலும் கண்ணாடியில் படியும் பனியைத் துடைத்துவிடும்.

அப்புறம் அளவு. பிரிமியோவின் அகலம் 1,695 மில்லிமீற்றர், கேம்ரியின் அகலம் 1,825. பதின்மூன்று சென்ரிமீற்றர் என்பது கொழும்பில் ஒன்றுமில்லை. தோட்டத்துக் கொங்கிரீட் பாதையில், எதிரே ஆட்டோ வரும்போது அது பெரிய விஷயம். நீளமும் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் அதிகம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரம் கூட என்பதால், மேட்டுப் பாதையின் உச்சியில் வயிறு உரசவும் வாய்ப்புண்டு. காசு கொடுப்பதற்கு முன் ஒருமுறை காரை உங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள்.

பற்றரியைச் சோதிப்பதில் கவனம் வேண்டும். 7.2 வோல்ட் கொண்ட 34 மொடியூல்கள், அதாவது சிறு பற்றரிகள், சேர்ந்து 244.8 வோல்ட். அவற்றில் இரண்டு, மூன்றை மட்டும் மாற்றி 'பற்றரி செய்தாகிவிட்டது' என்று விற்பது சந்தையில் சாதாரணம். பழையதும் புதியதும் ஒத்துப்போகாது. சில மாதத்தில் அடுத்த மொடியூல் விழும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஹைபிரிட் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய், கார் மலை ஏறிக்கொண்டிருக்கும்போதே தொகுதிகளின் வோல்ட் வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்துப் பார்த்தால் நோய் தெரியாது. திரையில் பற்றரி அளவு சட்டென்று அடிக்கு இறங்கி, சட்டென்று உச்சிக்கு ஏறினால், கொள்ளளவு போய்விட்டது என்று அர்த்தம். பின்பக்கம் விசிறி ஓயாமல் இரைந்தால் அதுவும் நல்ல அறிகுறி இல்லை. பற்றரியைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்துதான் போகிறது. அந்தத் துவாரத்தைத் துணிப்பையோ மரக்கறிச் சாக்கோ மறைக்கக் கூடாது. பிரேக்கிலும் காது வையுங்கள்: பெடலைத் தொடாதபோதும் சில விநாடிக்கு ஒருமுறை பம்ப் ஓடும் சத்தம் கேட்டால், பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் அக்சுவேட்டர் பலவீனமாக இருக்கலாம். மாற்றுவதென்றால் பெரிய செலவு.

சொகுசு வசதிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். நவிகேஷன் ஜப்பான் வரைபடத்தோடு ஜப்பான் மொழியில் பேசும். ரேடியோவும் அந்த நாட்டு அலைவரிசைக்கே செய்தது. சூரியன் எப்.எம்மும் சக்தி எப்.எம்மும் கேட்க, அலைவரிசை மாற்றும் சிறு கருவி ஒன்று பூட்ட வேண்டும். டயரில் மட்டும் ஒன்று: பெரிய அலோய் சக்கரம் போட்ட கார் என்றால் விலை பேசும்போதே 16 அங்குலத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். குழி விழுந்த பாதையில் தடித்த டயர்தான் உங்கள் முதுகைக் காப்பாற்றும்.

உங்கள் ஓட்டத்தை வைத்துச் சொன்னால், பெற்றோல் மிச்சத்துக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். மாதம் மூன்று நீண்ட பயணத்தில் மிச்சமாகும் காசு, ஒரு பற்றரி மாற்றுவதில் போய்விடும். மிச்சம்தான் நோக்கம் என்றால் டொயோட்டாவின் சிறிய காரான அக்சியோ ஹைபிரிட் பாருங்கள். அகலம் உங்கள் பிரிமியோவின் அதே 1,695தான், பற்றரியும் சிறியது. ஆனால் இறக்கத்தில் அது இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடும், பி நிலைப் பழக்கம் அதற்கும் வேண்டும். பெற்றோரின் சௌகரியத்துக்காக என்றால் கேம்ரி நல்ல கார். பற்றரிக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு விலை பேசுங்கள். 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியிருப்பதால், விற்கிறவர் முதலில் சொல்லும் விலைக்கே தலையாட்ட வேண்டிய அவசரம் இல்லை. லபுக்கலையிலிருந்து றம்பொடை வரை இறங்கித் திரும்ப ஏறிப் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்தக் காரை விட்டுவிடுங்கள்.